கடைசிக் கட்டத்தில் பத்து டிக்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் லீவு லெட்டர்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் தண்ணீர் கேட்கக் கூச்சப்பட்டுத் தாகத்தோடு திரும்பி வருகிற ஆள். ஆனால் பங்குத் தரகரை நம்பிப் பணத்தை விட்டவர்கள் பலர், வெட்கத்தில் வாய் திறப்பதே இல்லையாம். வெட்கப்படுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. நானே திறந்தேன் என்றால் யாரும் திறக்கலாம். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டராக இருக்கிறேன். ஷிஃப்ட் தொடங்கும்போது 'செக் ஷீட்' என்று ஒரு தாள் தருவார்கள். ஆயில் அளவு, காற்றழுத்தம் என்று இருபது வரி. ஒவ்வொன்றையும் பார்த்து, சரியாக இருந்தால் கடைசிக் கட்டத்திலும், இல்லாவிட்டால் அதற்கு முந்தைய 'இல்லை' கட்டத்திலும் டிக் போட வேண்டும். பார்த்துத்தான் போடுவோமா? (சூப்பர்வைசர் இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.) பேனாவை மேலே வைத்தால் கூரைத் தண்ணீர் மாதிரி நேராகக் கீழே வந்து நிற்கும். பத்து நொடி வேலை.

என் மனைவி சரோஜாவின் அண்ணன்கள் நாகரசம்பட்டி மாந்தோப்பை விற்றபோது, அவள் பங்காக ஆறு லட்சம் வந்தது. எங்கள் தெருவிலேயே ஒரு மாவு மில் வைக்க வேண்டும் என்பது அவளுடைய பத்து வருட ஆசை. இடம் கிடைக்கும்வரை பணம் சும்மா கிடக்க வேண்டாமே என்று, புத்திசாலியான நான் அதை எடுத்துக்கொண்டு ஒரு தரகு நிறுவனத்துக்குப் போனேன். பேங்க் டெபாசிட் மாதிரி பத்திரமாக இருந்தால் போதும் என்றேன்.

"போட்டுட்டு நிம்மதியா தூங்குங்க சார்" என்றார் அங்கிருந்த ஏஜெண்ட். டை கட்டியிருந்தார். டை கட்டியவரிடம் இரண்டாவது கேள்வி கேட்கும் தைரியம் எனக்கு எந்த ஜென்மத்திலும் வராது.

ஒரு படிவத்தை நீட்டினார். ஆங்கிலத்தில் பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நாலு கட்டம். பார்த்ததும் கை தன் பழக்கத்துக்குப் போய்விட்டது. கடைசிக் கட்டத்தில் மேலிருந்து கீழே, சரசரவென்று பத்து டிக்.

"சூப்பர் சார்! இவ்ளோ வேகமா யாரும் ஃபில்லப் பண்ணதே இல்ல."

எனக்குப் பெருமையாக இருந்தது.

அவர் சொன்ன நாலு சின்னக் கம்பெனிகளின் பங்குகளை வாங்கினேன். (அந்தப் பெயர்களை இன்றுவரை எனக்குச் சரியாகச் சொல்ல வராது.) விலை விழுந்தது. "இப்பதான் சார் இன்னும் வாங்கணும்" என்றார். மிச்சமிருந்த பணத்துக்கும் வாங்கினேன். எட்டே மாதத்தில் ஆறு லட்சம் இரண்டு லட்சமானது.

மில்லுக்கு இடம் அமைந்துவிட்டது என்று சரோஜா சிரித்துக்கொண்டே வந்த அன்றைக்குத்தான் சொன்னேன். அவள் கத்தவில்லை. இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரே தட்டை, கால் மணி நேரம்.

பக்கத்து மெஷின் மஞ்சுநாத் கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளியிலிருந்து வருகிற கன்னடக்காரர். அவர்தான் உலுக்கினார். "ஏனண்ணா நீவு! ஆளோட வயசு, சம்பளம், எவ்ளோ தாங்குவாருன்னு பாத்துதான் பங்கு சொல்லணும். அது ரூல். எழுதிக் கேளுங்க."

முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். பதில் சரியில்லை என்றால் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பின் இணையதளத்தில். அப்போதும் தீராவிட்டால் சமரசக் கூட்டம். அதிலும் ஒத்துவராவிட்டால் நடுவர் தீர்ப்பு. இரண்டு புகாரையும் மஞ்சுநாத்தே என் ஃபோனில் தட்டிக் கொடுத்தார். 'வாடிக்கையாளர் தன் விருப்பப்படி வாங்கினார்' என்று ஒரே வரியில் பதில் வந்தது. பிறகு சமரசக் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். வீடியோவில்.

அன்று ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு ஓடி வந்தேன். மாற்ற நேரமில்லை. சட்டையில் இருந்த கம்பெனிப் பெயர் வெளியே தெரியாதபடி சரோஜா என் தோளில் ஒரு துண்டைப் போட்டாள். ஃபோனைக் குக்கர் மேல் சாய்த்து வைத்துவிட்டு, கேமராவில் படாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சமரசம் செய்கிறவர் வயதான அம்மா. நிறுவனத்தின் சார்பில் கோட் போட்ட ஒருவர். அவர் என் படிவத்தைத் திரையில் காட்டினார்.

"பாருங்க மேடம். 'முழுப் பணமும் போனாலும் கவலையில்லை'ன்னு அவரே டிக் பண்ணியிருக்காரு. நாங்க என்ன பண்றது?"

எனக்குக் காது இரண்டும் சுட்டது. படிவத்தில் அப்படி இருந்தது என்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

"டிக் போட்டது நீங்கதானா?" என்றார் அம்மா.

"ஆமாங்க."

"படிச்சிட்டுத்தான் போட்டீங்களா?"

உண்மையைச் சொன்னால் செக் ஷீட் கதையையும் சொல்ல வேண்டும். கம்பெனிக்குத் தெரிந்தால் இருபத்தாறு வருட வேலை போகும். சொல்லாவிட்டால் மாவு மில் போகும். கோட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏங்க, வாயத் தொறங்க!" சரோஜா துண்டைப் பிடித்து இழுத்தாள். துண்டு கையோடு வந்துவிட்டது. கம்பெனிப் பெயர் திரையில் பளிச்சென்று தெரிந்தது. "படிக்கலீங்கம்மா! மெசின்கிட்டயும் இப்பிடித்தான், பாக்காமயே டிக் போட்டுக்கினு இருக்காரு!"

இனி மறைக்க ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படிவத்தை மேலிருந்து படித்தார். "முதல் கேள்வி வயசு. கடைசிக் கட்டம், இருபத்தஞ்சுக்குக் கீழ. உங்க வயசு என்ன?"

"அம்பத்திரண்டுங்க."

"வருமானம், வருஷத்துக்கு அம்பது லட்சத்துக்கு மேல."

"எங்கங்க வச்சிருக்கீங்க? எங்கிட்டச் சொல்லவே இல்ல!" என்றாள் சரோஜா.

அம்மா சிரிக்கவில்லை. கோட்டுக்காரரிடம் கேட்டார்: "இவரோட பான் கார்டுல பிறந்த தேதி இருக்கில்ல? அத வச்சுக்கிட்டே இவர இருபத்தஞ்சு வயசுக்காரர்னு நம்பினீங்களா?"

அவர் மைக்கை அணைத்துவிட்டு யாரிடமோ பேசினார். உதடு மட்டும் அசைந்தது.

"படிக்காமப் போட்டது உங்க தப்பு. அதுல மாத்தமில்ல" என்று அம்மா எனக்கும் ஒன்று வைத்தார்.

மைக் திரும்ப வந்தது. "ஒன்றரை லட்சம் தர்றோம்."

சரோஜா மூன்று விரலைக் காட்டினாள். நான் தொண்டையைச் செருமினேன். "மூணு லட்சம்னா சரிங்க. இல்லன்னா நடுவர்கிட்டயே போறோம்." அந்நியர் முன்னால் என் வாழ்நாளில் நான் திணறாமல் பேசியது அது ஒன்றுதான். நடுவரிடம் போகத் தனிக் கட்டணம், மாதக் கணக்கில் அலைச்சல் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. மைக் மறுபடி அணைந்தது. சரோஜாவின் கை என் முழங்காலை நெரித்துக்கொண்டிருந்தது.

இரண்டே முக்கால் லட்சத்தில் முடிந்தது.

இரண்டு மெஷினோடு தொடங்க நினைத்த மில் ஒரு மெஷினோடு ஓடுகிறது. கேஸ் சிலிண்டருக்கு நான் கையெழுத்துப் போட்டால்கூட, "படிச்சிட்டுப் போடுங்க, இருபத்தஞ்சு வயசுக்கு எங்க நிதானம் இருக்கப்போவுது" என்கிறாள். மாவு அரைக்க வருகிறவர்களுக்கும் கதை தெரியும். தெருவில் என் பெயரே 'இருபத்தஞ்சு'தான்.

கூட்டத்துக்கு மறுநாள் காலை ஷிஃப்ட். செக் ஷீட்டை முதன்முறையாக வரி வரியாகப் படித்தேன். ஏழாவது வரி, பாதுகாப்புக் கதவைத் திறந்தால் மெஷின் நிற்கிறதா என்பது. திறந்து பார்த்தேன். நிற்கவில்லை. 'இல்லை' கட்டத்தில் டிக் போட்டுக் கொடுத்தேன். சரிசெய்ய இரண்டு மணி நேரம் ஆனது.