நாலு டம்ளரும் உறையவில்லை

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

தங்கள் கால்நடை இதழைத் தீவன விளம்பரம் உட்பட அட்டை முதல் அட்டை வரை படிக்கும் பள்ளி மாணவி பணிவுடன் எழுதுவது. தாங்களும் தங்கள் வீட்டாரும், மாடு இருந்தால் அதுவும், நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கையெழுத்துக் கோணலுக்கு மன்னிக்கவும். அப்பா எழுந்துவிடாமல், சமையலறை மேடையில் வைத்துச் சின்ன விளக்கில் எழுதுகிறேன்.

சந்தேகம் எனக்கில்லை, என் தோழிக்கு. அவள் வீட்டு மாட்டுக்கு மடிவீக்கம். நேற்று மாட்டு டாக்டர் வந்து, பின்பக்க இடது காம்பில் மட்டும் மருந்துக் குழாயைச் செருகி அழுத்திவிட்டு, "நான் சொல்ற வரைக்கும் இந்த மாட்டுப் பாலை யாருக்கும் குடுக்காதம்மா, அப்பாகிட்ட சொல்லிடு" என்றார். அவள் தலையாட்டினாள், சொல்லவில்லை. அவளுடைய அப்பா பால் சேகரிப்பு நிலையப் பொறுப்பாளர், விடியுமுன் போனால் ராத்திரி சாப்பிடத்தான் வருவார், அம்மாவுக்கு வெளியூரில் வேலை, பள்ளி விட்டு வந்தால் வீட்டில் அவளும் மாடும்தான், மாடு நல்ல மாடு, ஆனால் பதில் சொல்லாது. சாயங்காலம் கேனைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்குப் போனால்தான் வரிசையில் நிற்கிறவர்கள், "என்னடி, இன்னைக்கு டீச்சர் யாரைத் திட்டினாங்க?" என்று கேட்பார்கள், அப்பாவும் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார். பால் இல்லாமல் என்ன சாக்குச் சொல்லி அங்கே போவது? ஐயா, தோழி என்று எழுதியது பொய். எனக்குத் தோழி கிடையாது. மாடு எங்களுடையது.

மடிக்குள் நாலு தனி அறைகள், நடுவில் சுவர் என்று போன இதழில் தாங்கள்தான் படம் போட்டிருந்தீர்கள், ஆகவே இதில் தங்களுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. மருந்து போட்ட காம்பை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் கறந்து இன்று சாயங்காலம் கொண்டுபோனேன். வரிசையில் நின்ற ஒரு மாமா, "எங்க பாலுக்கெல்லாம் பால்மானி, உம்ம பொண்ணு பாலுக்குக் கிடையாதா?" என்று சீண்ட, அப்பா, "என் பொண்ணு கொண்டுவர்ற பால்ல பார்க்க என்ன இருக்கு?" என்று அப்படியே பெரிய தொட்டியில் கவிழ்த்துவிட்டார். மருந்து கலந்த பால் தயிராக உறையாதாமே, அதனால் காலையிலேயே, எதற்கும் இருக்கட்டும் என்று நாலு காம்புப் பாலையும் தனித்தனி டம்ளரில் காய்ச்சி உறை ஊற்றி வைத்திருந்தேன். நிலையத்துக்குப் போகும் அவசரத்தில் பார்க்கவில்லை, வீட்டுக்கு வந்து பார்த்தால் நாலும் தண்ணீராக ஆடுகின்றன. உறை மோர் கொடுத்த பக்கத்து வீட்டு அத்தையிடம் போய்க் கேட்டதற்கு, "என் மோர் மேலயா பழி போடுற? அதே மோர்ல நான் வச்சதைப் பாருடி, தலைகீழாக் கவுத்தாலும் விழாது" என்று கவிழ்த்தார். விழுந்தது. ஆனால் உடையாமல், ஒரே கட்டியாக, அவர் காலிலேயே விழுந்தது.

ஆக மோர் மேல் குற்றமில்லை. மருந்து சுவரேறிக் குதித்ததா ஐயா? பால் ரத்தத்திலிருந்துதானே ஊறுகிறது, ரத்தம் நாலு அறைக்கும் போய்வருகிறது, மருந்தும் அதோடு ஊர் சுற்றியிருக்குமோ? காய்ச்சியும் சாகவில்லையே. ஆடையில் தங்குமா, அடியிலிருக்கும் நீரில் தங்குமா என்று தெரிந்தால் அதை மட்டும் பிரித்து எடுக்க முடியுமா? தொட்டிப் பால் விடிந்ததும் லாரியில் ஏறிவிடும். அந்த மருந்து ஒத்துக்கொள்ளாத குழந்தை எதுவும் குடித்துவிட்டால்? சொன்னாலோ, ஊர்ப் பால் முழுக்கச் சாக்கடைக்குத்தான். தண்ணீர் கலந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிய அப்பா, நாளைக்கு அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பார்? தங்கள் பதில் அடுத்த மாதம்தான் வரும் என்று தெரியும். கேட்க வேறு ஆள் இல்லை.

பதிலை "ஒரு வாசகி" என்று மட்டும் போடவும். அப்பாவுக்குத் தெரியவே கூடாது. தங்கள் வீட்டில் பால் பொங்கட்டும், தயிர் நன்றாக உறையட்டும்.

இப்படிக்கு,
பயத்துடன்,
ஒரு வாசகி

பி.கு.: பெயரை மறைக்க வேண்டாம், பதிலுக்கும் அவசரமில்லை. தண்ணீர் குடிக்க வந்த அப்பா, "யாருக்கு லெட்டர்?" என்றார். காகிதத்தையே நீட்டிவிட்டேன். நின்றபடியே படித்தார். தோழி கிடையாது என்று எழுதிய இரண்டாம் பத்தியை மட்டும் மறுபடியும் படித்தார். திட்டுவார் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். நிலையத்துச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய், அங்கிருந்து கூப்பிடுகிறார்: "இன்னும் என்ன எழுதுற? செருப்பைப் போடு. தொட்டியைத் திறந்துவிட்டுட்டு, விடிஞ்சா அத்தனை பேர் முன்னாடி தனியா நிக்க எனக்கு மட்டும் பயமா இருக்காதா?"