சத்தமில்லாமல் வந்து நின்ற லாரி

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டு, இத்தனை காலமும் உங்களோடு வாதாடியே பொழுதைப் போக்கிய மாப்பிள்ளை எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கையும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் லாரியும் சுகமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். லாரி என்பது கைப்பழக்கத்தில் வந்துவிட்டது. விற்கப்போகிற வண்டியை நலம் விசாரிப்பது முறையில்லைதான். ஆனால் அடித்தால் கடிதம் அசிங்கமாகிவிடும் என்பதால் அப்படியே விட்டுவிட்டேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் நடுவில் "சரி மாப்ள, சரி மாப்ள" என்று சொல்லி என் பேச்சின் ஓட்டத்தைக் கெடுத்துவிடுவீர்கள். அதோடு, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் காதில் வாங்கியே ஓய்வுபெற்றவன் நான். போனைக் கண்டாலே காது தானாகச் சுருங்குகிறது. அதனால்தான் கடிதம். தபாலில் போட்டால் தாமதமாகும் என்று, உங்கள் பக்கம் தினமும் வருகிற ரொட்டிக் கடை வண்டியில் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று உங்கள் மருமகள், அதாவது என் மகள், புது ஊரிலிருந்து பேசினாள். நீங்கள் லாரியை விற்கப்போவதாகவும் ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆள் வந்து பார்க்கப்போவதாகவும் சொன்னாள். ஏன் மாமா என்று அவள் கேட்டதற்கு, "உங்கப்பா சொல்றதுதாம்மா சரி. வேணாம்னு சொல்ற எடத்துல வண்டிய வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றீர்களாம். மச்சான், இதைக் கேட்டதும் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. மின்சார லாரிதான் நாளைய லாரி என்று எத்தனை வருஷமாக உங்களிடம் தொண்டை வறளச் சொல்லிவந்தேன். என் வாதம் கடைசியில் உங்கள் மனசில் ஏறிவிட்டது. செய்தியைச் சொன்னதும் உங்கள் தங்கை எழுந்துபோய், ஏற்கனவே மடித்து வைத்திருந்த துணிகளை உதறி மறுபடியும் மடித்தாள். சந்தோஷத்தில் மனிதர்கள் பலவிதமாக நடந்துகொள்வார்கள்.

மின்சார லாரியின் மேல் எனக்கு ஏன் இந்தப் பித்து என்று கேட்பீர்கள். வேலையில் இருந்த காலமெல்லாம் என் காதுக்குள் யாராவது பேசிக்கொண்டே இருந்தார்கள். ஓய்வுபெற்றதும் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியைப் போட்டுச் சாய்ந்தேன். அப்போது தெருவில் லாரிகள் பேச ஆரம்பித்தன. அந்தச் சமயத்தில்தான் மின்சார லாரி செய்கிற ஒரு கம்பெனியின் விளம்பரத் தாள் கையில் கிடைத்தது. ஒரு ஏரி, ஏரியோரம் ஒரு சாலை, சாலையில் ஒரு வெள்ளை லாரி. ஏரியில் ஒரு கொக்கு நின்றுகொண்டிருக்கிறது, லாரி போவது கொக்குக்குத் தெரியவில்லை. அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே கண்ணை மூடினால், உலகத்துச் சாலைகளில் எல்லாம் வெள்ளை லாரிகள் வரிசையாக மிதந்து போகும். இரும்பும் சிமெண்டும் அரிசியும் ஏற்றிக்கொண்டு, யாரையும் எழுப்பாமல் போகும். நானும் அவற்றோடு கொஞ்ச தூரம் போவேன். உங்கள் தங்கை வந்து, வாய் திறந்திருக்கிறது, மூடுங்கள் என்று சொல்கிறவரை போவேன். இப்படி ஒரு மத்தியானம் போய்த் திரும்பியபோதுதான் அந்தக் கம்பெனியில் பங்கு வாங்கினேன்.

பங்கு வாங்கியவன் நான் ஒருவன் இல்லை. எங்கள் தெருப் பல் டாக்டரும் ரொட்டிக் கடைக்காரரும் வாங்கியிருக்கிறார்கள். சாயங்காலமானால் மூவரும் ரொட்டிக் கடையில் கூடுவோம், அதற்குச் சங்கம் என்று நாங்களே பெயரும் வைத்துக்கொண்டோம். பல் டாக்டர் பேட்டரியைப் பற்றிப் பேசுவார். வாயைத் திறந்தபடி பதில் பேச முடியாமல் கிடப்பவர்களிடமே பேசிப் பழகியவர், ஆகையால் எங்களையும் பேச விடமாட்டார். ரொட்டிக் கடைக்காரருக்கு, விடியுமுன் ஒரு குழந்தையைக்கூட எழுப்பாமல் ஊருக்கெல்லாம் ரொட்டி கொண்டுபோய்ப் போட வேண்டும் என்று ஆசை. பங்கு விலை என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள், அது தற்சமயம் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் மூவரில் ஒருவர்கூட மின்சார லாரியை நேரில் பார்த்ததில்லை என்பதை மட்டும் உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

நீங்களும் இலேசில் விட்டீர்களா? லோடோடு ஏற்றத்தில் நின்றுபோனால் உங்கள் சங்கமா வந்து தள்ளும் என்று கேட்டீர்கள். சார்ஜ் ஏறுகிற நேரத்தில் டிரைவர் என்ன செய்வான் என்று கேட்டீர்கள். கனவு காணலாமே என்றேன். "லோடு ஏத்துனவனுக்குக் கனவு வராது மாப்ள, கொண்டுபோய்ச் சேக்கணுமேங்கற கவலதான் வரும்" என்றீர்கள். அப்போதுதான் நான் என் பெரிய அஸ்திரத்தை எடுத்தேன். உங்கள் லாரி சாவியைத் திருப்பியதும் கிளம்புகிற ஜாதியா? இருமும், உதறும், புகையைக் கக்கும், நின்ற இடத்திலேயே உறுமி உறுமி ஒரு நிதானத்துக்கு வரும், அதற்குள் ஒருவர் சாப்பிட்டே முடித்துவிடலாம். மின்சார லாரியோ பொத்தானை அமுக்கினால் போய்விடும், அத்தனை நேரமும் மிச்சம் என்றேன். நீங்கள் எழுந்துபோய் லாரியின் கண்ணாடியைத் துடைத்தீர்கள்.

இப்படியிருக்கும்போதுதான் மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்து, தனி வீடும் பார்த்தாயிற்று. சாமான்களைக் கொண்டுபோக வேண்டும். அண்ணனைக் கூப்பிடுங்கள் என்றாள் உங்கள் தங்கை. இந்த வீட்டில் உங்கள் லாரியில் ஏறாத சாமான் ஒன்றுகூட இல்லை என்றும், முதன்முதலில் இந்த வீட்டுக்குக் குடிவந்ததே உங்கள் லாரியில்தான் என்றும், பெண்ணை ஆஸ்பத்திரியிலிருந்து தொட்டிலோடு கொண்டுவந்ததும் அதே லாரிதான் என்றும் வரிசையாகச் சொன்னாள். எனக்கும் மறக்கவில்லை. ஆனால் எங்கள் கம்பெனி அந்த வாரம் பார்த்து, மின்சார லாரியை வெள்ளோட்டமாக வாடகைக்கு விட்டிருந்தது. பங்குதாரனே டீசல் லாரியில் சாமான் ஏற்றினால் ரொட்டிக் கடையில் நான் எந்த முகத்தோடு உட்காருவது? உங்களுக்குப் போன் செய்து, இந்தத் தடவை வண்டி வேண்டாம் மச்சான் என்றேன். நீங்கள் சரி என்றீர்கள். ஒரே ஒரு சரி.

அன்று காலை மூவரும் வாசலில் கூடிவிட்டோம். பல் டாக்டர் ஆஸ்பத்திரியை மூடிவிட்டுக் கேமராவோடு வந்திருந்தார். பக்கத்து வீட்டு ரேடியோவை நிறுத்தச் சொன்னோம், பந்தாடிய பிள்ளைகளை அடுத்த தெருவுக்கு அனுப்பினோம், தெரு அமைதியானது. மூவரும் முனையைப் பார்த்தபடி, தலையைக் குனிந்து, காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். நின்றோம், நின்றுகொண்டே இருந்தோம். சத்தமே வராது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த நாங்கள் மூவரும் சத்தம் வருகிறதா என்றுதான் கேட்டுக்கொண்டு நின்றோம் மச்சான். நடுவில் எப்போதோ பின்னால் ஒரு வண்டி நின்றிருந்தது. அழுக்கு வெள்ளை, பக்கவாட்டில் ஒரு மெத்தைக் கம்பெனி விளம்பரம், கன்னத்துக்கடியில் கையை வைத்து ஒரு பெண் தூங்குகிறாள். யார் வீட்டுக்கோ மெத்தை வந்திருக்கிறது என்று நினைத்தோம். ரொட்டிக் கடைக்காரர் டீ கிளாஸை அதன் பம்பரில் வைத்தார். பல் டாக்டர் தூங்குகிற பெண்ணின் மேல் சாய்ந்துகொண்டு, மின்சார லாரியை ஒரு தடவை பார்த்தவன் வாழ்நாளில் மறக்க மாட்டான் என்று விளக்கினார்.

பொறுமை போய்க் கம்பெனிக்குப் போன் போட்டேன். வண்டி உங்கள் வாசலில்தான் நிற்கிறது என்றார்கள். நானும் என் வாசலில்தான் நிற்கிறேன், எனக்கென்ன கண் இல்லையா, நான் பங்குதாரன் என்று கத்தினேன். கத்தியதில் மெத்தை வண்டியின் கதவு திறந்து, நம் மகள் வயசில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். அவள்தான் டிரைவர். வந்ததுமே சொல்லக்கூடாதா என்று கேட்டேன். "மூணு பெரியவங்க தலையக் குனிஞ்சு பேசாம நின்னீங்க சார். ஏதோ துக்க வீடுன்னு நெனச்சு, எப்படிக் கூப்பிடறதுன்னு உக்காந்துட்டேன்" என்றாள். ரொட்டிக் கடைக்காரர் பம்பரிலிருந்து டீ கிளாஸை மெதுவாக எடுத்துத் துண்டால் அந்த இடத்தைத் துடைத்தார். பல் டாக்டர் படமெடுக்க மறந்துவிட்டார்.

அதன்பிறகு எல்லாம் நன்றாகவே நடந்தது. நன்றாக என்றால் சீக்கிரமாக. ஏற்றுகிற ஆட்கள் வந்தார்கள், தூக்கினார்கள், வைத்தார்கள். எந்த பீரோ என்று கேட்டார்கள், நான் லாரியையே பார்த்துக்கொண்டு அதுதான் என்று எந்தப் பக்கமோ கையைக் காட்டினேன். மகள் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அம்மா எங்கே என்றாள். உள்ளே இருக்கிறாள், இதோ வருவாள் என்றேன். அந்தச் சமயத்தில் டிரைவர் எதையோ அமுக்கினாள் போலிருக்கிறது. உறுமல் இல்லை, உதறல் இல்லை. நான் விளம்பரத் தாளில் பார்த்தது என் கண்ணெதிரே நடந்தது. தெரு அப்படியே இருக்க லாரி மட்டும் நகர்ந்து போயிற்று. தூங்குகிற பெண் தூக்கம் கலையாமல் முனையில் திரும்பினாள், ஜன்னலில் மகளின் கை ஆடியது. நான் கனவில் நிற்பதுபோல நின்றேன். அவ்வளவு அழகாக இருந்தது, பொய் சொல்லவில்லை.

திரும்பிப் பார்த்தால், உங்கள் தங்கை தட்டில் டீயோடு வாசலில் நிற்கிறாள். சமையலறையில் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். உங்கள் லாரி தெருமுனை வளைவில் கியர் மாற்றும்போதே அடுப்பில் தண்ணீர் வைக்கிறவள் அவள். அன்று அந்தச் சத்தம் வராததால் தண்ணீர் வைக்கவில்லை. ஆட்கள் நடமாட்டத்தைப் பார்த்து அவசரமாக வைத்து, வண்டி உறும ஆரம்பித்ததும் வெளியே போகலாம் என்று நின்றிருக்கிறாள். "போயிட்டாளா?" என்றாள். போய்விட்டாள் என்றேன். "அண்ணன் வண்டின்னா உறுமிக்கிட்டே நிக்கும். அதுக்குள்ள சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிடுவேன்" என்றாள்.  டீயைக் கூலிக்காக நின்றிருந்த ஆட்களுக்குக் கொடுத்தாள். மிச்சமான நேரத்தைப் பற்றி உங்களிடம் அவ்வளவு பேசினேனே, அந்த நேரம் இதுதான் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் மகளின் பீரோ மூலையில் நிற்கிறது. போனது உங்கள் தங்கையின் பீரோ. அன்றிலிருந்து அவள் மகளின் சட்டைகளுக்கு நடுவில் தன் இரண்டு புடவையை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறாள். மகள் அங்கே அம்மாவின் புடவைகளை வைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆனாலும் மச்சான், இதெல்லாம் சில்லறைச் சங்கடங்கள். இதற்காகக் காலம் நின்றுவிடாது. புகை இல்லை, அதிர்வு இல்லை, உங்கள் இடுப்பு வலிக்கும் அதுதான் நல்லது. ஆகையால் மனசைத் திடப்படுத்திக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறவரிடம் வண்டியைக் கொடுத்துவிடுங்கள். உங்கள் முடிவை எங்கள் சங்கம் ஏகமனதாக வரவேற்கிறது. அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் இடுப்பும் அக்காவின் முழங்காலும் சீக்கிரம் குணமாகி, வீட்டில் எப்போதும் நாலு பேர் வந்து போய்க்கொண்டிருக்க வேண்டும் என்று மனமார வேண்டும்,

உங்கள் அன்பு மாப்பிள்ளை.

பி.கு: கடிதத்தை மடித்து உறையில் போட்டு, பசையைத் தேடிக்கொண்டிருந்தேன். தெருமுனை வளைவில் ஒரு லாரி கியர் மாற்றியது. காலமெல்லாம் காதால் பிழைத்தவன் நான், எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. எழுந்துபோய் அடுப்பில் தண்ணீர் வைத்தேன். நான்தான் வைத்தேன் மச்சான். மூன்று பேருக்கு. அதற்குள் உங்கள் தங்கை தலையை ஒதுக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். வந்தது குப்பை லாரி. அவள் உள்ளே வந்து அடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சர்க்கரை டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். மூன்று பேர் டீயை இருவரும் குடித்தோம்.

வண்டியை விற்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிற ஆள் முன்னால் ஒரு தடவை அதைக் கிளப்பிக் காட்டுங்கள், அவரே போய்விடுவார். பிறகு நேராக இங்கே வாருங்கள். மகளின் பீரோவை ஏற்ற வேண்டும், அங்கே போய் உங்கள் தங்கையின் பீரோவை எடுத்து வர வேண்டும், நாங்கள் இருவரும் முன்னால் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறோம். என் பங்குகளை நான் விற்க மாட்டேன், அது வேறு விஷயம். இந்தக் கடிதம் வருகிற ரொட்டி வண்டியும் டீசல் வண்டிதான், அதைப் பல் டாக்டர் காதில் போட்டுவிடாதீர்கள். மகள் வீட்டிலிருந்து திரும்பும்போது மட்டும் அவசரப்படாமல் மெதுவாகக் கிளப்புங்கள். இவளுக்கு அவளிடம் பேச நிறைய இருக்கிறது.