பல்வலியும் மாமியார் வீட்டு ஞாயிறும்

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியார் வீட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை என்று சபதம் செய்தேன். பின்னே என்ன? மாமியார் டோன்யா மயேலா வைக்கும் விருந்தில் தட்டில் பன்றி வறுவல் விழுமுன் கையில் சுத்தியல் விழும். கூரை ஒழுகும், குழாய் ஒழுகும், கோழிக்கூடு சாயும். எரேடியா ஊரே டிவி முன்னால் உட்கார்ந்து ஃபுட்பால் பார்க்க, நான் மட்டும் கூரைமேல்!

தப்பிக்கும் வழி என் வாயிலேயே இருந்தது. என் கீழ்ப்பற்கள் கடைசி பஸ் கூட்டம் மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்பவை. மனைவி யோர்லேனிக்கோ கோணல் பல்லுக்கு அலைனர் செய்யும் லேபில் வேலை. வாயை ஸ்கேன் எடுத்துக் கொடுத்தால், கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பல்லையும் தனியாகப் பிரித்து மயிரிழை மயிரிழையாக நகர்த்துவாள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஓர் அச்சுப் பல்வரிசை. அதன்மேல் சூடான பிளாஸ்டிக் தகட்டை அழுத்தி, விளிம்பை வெட்டித் தேய்த்தால் கண்ணாடி மாதிரி ஓர் உறை. வாரம் ஒன்று மாட்டவேண்டும். முந்தையதைவிடப் புதியது கொஞ்சம் நேராக இருப்பதால் பல்லை நெருக்கும், வலிக்கும்.

வலிக்கும்! அது போதும் எனக்கு. "எனக்கும் செஞ்சு குடு" என்றேன். சனிக்கிழமைதோறும் புது உறை என்று நாளையும் நானே குறித்தேன்.

முதல் ஞாயிறு.

"என்ன குண்டா, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?"

"ஐயோ, பல்லு நகருது யோர்லேனி! மண்டை வரைக்கும் விண்ணு விண்ணுனு தெறிக்குது!"

"அம்மா வறுவல் பண்றாங்களே."

"மெல்லவே முடியாதும்மா. நீ போயிட்டு வா."

"பாவம். பால்சோறு வெச்சுட்டுப் போறேன்."

உங்களிடம் மட்டும் சொல்கிறேன், துளி வலி இல்லை. என்னே என் மனைவியின் கைத்திறன் என்று பூரித்துப்போனேன். வாராவாரம் முனகலில் புதுப்புது ராகம் சேர்த்தேன். பால்சோறும் ஃபுட்பாலுமாக வாழ்க்கை ஜோராகப் போனது.

ஒரு ஞாயிறு மாலை அம்மா வீட்டிலிருந்து திரும்பியவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்த வாரம் எப்படி இருக்கு?"

"போன வாரத்தைவிட மோசம். ஆனா முன்பல்லு ரெண்டும் நல்லா நகர்ந்துடுச்சு, பாரேன்!"

"அப்படியா?" என்றவள், நான் கழற்றிப்போட்ட பழைய உறைகளை எடுத்து ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். இம்மி பிசகாமல் எல்லாம் உட்கார்ந்தன.

"எல்லாமே ஒரே அச்சு, குண்டா. உன் பல்லு இப்ப எப்படிக் கோணலா இருக்கோ, அப்படியே எடுத்தது. நாள் பூரா ஒழுங்கா போடுவியானு பார்க்கத்தான் செஞ்சேன். இது ஒரு பல்லையும் அசைக்காது."

உறைகளைப் பிடுங்கி நானே ஒருமுறை அடுக்கிப் பார்த்தேன்.

"அ... அப்போ அந்த வலி?"

"அதைச் சொல்லித்தான் நானும் அம்மாவும் வாராவாரம் விழுந்து விழுந்து சிரிச்சோம். வாயைத் திற. இதுதான் நிஜ உறை."

மாட்டினாள். ஆத்தாடி! கண்ணில் பொறி பறந்தது.

அடுத்த ஞாயிறு கூரைமேல் நின்றபடி, தாடையைப் பிடித்துக்கொண்டு, "சத்தியமா வலிக்குது அத்தை!" என்று கதறினேன்.

"யோர்லேனி சொன்னதைவிட நல்லாவே நடிக்கிறீங்க மாப்பிள்ளை" என்றார் மாமியார் கீழேயிருந்து. "அப்படியே அந்த ஆணியையும் அடிச்சிடுங்க."