கரடிச் சட்டையும் ஐஸ் கையும்

பட்டினச்சேரி,
19.1.2003

அன்பும் பாசமும் நிறைந்த அக்கா பூங்கொடிக்கு, தம்பி அன்பழகன் எழுதுவது. இங்கே நான், வினிதா, உன் மருமகன் முகிலன் மூவரும் சௌக்கியம். பிரான்சில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் பனியில் வழுக்கி விழாமல் சௌக்கியமாக இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன்.

முகிலன் தூங்கும்போது போட நீ அனுப்பிய சட்டை வந்தது. தெருவே வாயைப் பிளந்தது. கழுத்து முதல் கால் கட்டைவிரல் வரை ஒரே சட்டை, உள்ளே பஞ்சு, நெஞ்சில் கரடி, தலைக்குத் தொப்பி, தொப்பியில் கயிறு. "தூங்குற புள்ள கழுத்துல கயிறு எதுக்குங்க?" என்று வினிதா முதலில் அதை உருவிப் போட்டாள். "இது நம்ம ஊருக்கு ஆவாது. ரெண்டு மாசப் புள்ளைக்குப் பழைய வேட்டியில தச்சது போதும்" என்றும் சொன்னாள். பன்னிரண்டு வருஷமாக ஐஸ் ஃபேக்டரியில் கிடப்பவனுக்கே குளிரைப் பற்றிப் பாடமா என்று எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் சட்டையை ஃபேக்டரிக்குக் கொண்டுபோய், மீன் பெட்டியைச் சோதிப்பது போலவே சோதித்தேன். ஐஸ் கட்டியைப் பாலித்தீன் பையில் போட்டு, சட்டைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து வெயிலில் வைத்தேன். மூன்று மணி நேரம் கழித்தும் பாதிக்கு மேல் உருகவில்லை. "முதல் தரச் சரக்கு" என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன். ஐஸுக்குள் வெக்கையை விடாத சட்டை, பிள்ளையின் வெக்கையை மட்டும் வெளியே விட்டுவிடுமா? அதை யோசிக்கிற மூளையை எனக்கு வைக்க மறந்துவிட்டார்கள்.

பொங்கலுக்கு மறுநாள் காலையில் கடற்காற்று கொஞ்சம் ஊதியது. வினிதாவிடம் கெஞ்சிக் கூத்தாடி, பிள்ளையைக் கரடிக்குள் தூங்க வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். லாரிக்கு ஐஸ் ஏற்றிவிட்டு ஓடி வந்து நெற்றியைத் தொட்டால், நெருப்பாகக் கொதிக்கிறது! "ஜுரம்டி!" என்று கத்தி, கரடிக்கு மேல் ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேல் கம்பளி, காதுக்கு என் மப்ளர் என்று சுற்றி ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு காரைக்காலுக்குப் பறந்தோம். அவன் ஒரு பக்கம் அலற, நான் ஒரு பக்கம் அழ, திருநள்ளாறு சனீஸ்வரனுக்கு என் தலையில் மிச்சமிருக்கும் நாலு முடியையும் நேர்ந்துகொண்டேன்.

டாக்டர் சிவநாதன் வெங்காயம் உரிப்பது போல ஒவ்வொன்றாகக் கழற்றினார். உள்ளே பிள்ளை தொப்பலாக நனைந்து, கழுத்தெல்லாம் வேர்க்குருவோடு கிடந்தான். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். ஜுரமே இல்லை. "ஐஸ் ஏத்திட்டு வந்து தொட்டேன் டாக்டர், கொதிச்சுதே!" என்றேன்.

"தம்பி, உங்க கையக் காட்டுங்க" என்றார். காட்டினேன். தொட்டவர் உதறிக்கொண்டார். "இந்தக் கையால தொட்டா எனக்கும் நூத்தி நாலு இருக்குமே! மெல்லிசாப் பருத்திச் சட்டை போடுங்க, குளிருனா மேல இன்னொண்ணு. தூங்கறப்போ தொப்பி வேணாம். அப்பப்போ பிடரியத் தொட்டுப் பாருங்க, வேர்த்திருந்தா ஒண்ணக் கழட்டிடுங்க. தொடறது உங்க வீட்டம்மாவா இருக்கட்டும்."

வீடு வரும்வரை வினிதா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை அக்கா. இப்போது முகிலன் வேட்டித் துணிச் சட்டையில் நிம்மதியாகத் தூங்குகிறான். வேலை முடிந்து வந்து நான் ஆசையாகக் கன்னத்தைத் தொட்டால் மட்டும் திடுக்கிட்டு விழித்து வீறிடுகிறான். பெற்ற பிள்ளையை எட்ட நின்று பார்க்கிறேன்.

ஆகையால், இனி இந்த வீட்டு வாசற்படிக்குள் கம்பளி என்று ஒரு நூல்கூட வரக் கூடாது. அனுப்பினால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன். கோபித்துக்கொள்ளாதே.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். தபாலில் வருவதால் குளிராது.

உன் ஆசி வேண்டும் தம்பி,
அன்பழகன்

பின்குறிப்பு: அடுத்த பார்சலில் கம்பளிக் கையுறை ஒரு ஜோடி மறக்காமல் வை. எனக்குத்தான். நல்ல கனமாக இருக்கட்டும். தாளின் பின்பக்கம் என் கையை வைத்துக் கோடு போட்டிருக்கிறேன். பக்கத்தில் இருக்கும் சின்னக் கை முகிலனுடையது. அதற்கு ஒன்றும் வேண்டாம், என் கைக்குள் அடங்கிவிடும்.