எண்ணெய் அண்ணாச்சி மன்னிப்புக் கேட்ட வீடியோ

தென்காசி ஜில்லாவில் எண்ணெய் அண்ணாச்சியிடம் வசவு வாங்காத முதுகே கிடையாது. மந்திரி முதுகு, டாக்டர் முதுகு, புளியறை செக்போஸ்ட்டைத் தாண்டி வருகிற லாரி டிரைவர் முதுகு, எல்லாம் அவருக்கு ஒன்றுதான். ஐந்தருவியில் கார் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை, ஒரு எண்ணெய்ச் சட்டி, இடுப்பில் ஒரு சிவப்புத் துண்டு. குளிக்க வருகிறவர்களைக் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்துவிடுவது தொழில். தேய்த்து முடிக்கிறவரை திட்டுவது இனாம்.

பேங்க் மேனேஜர் ஒருவரின் தோளை அமுக்கிப் பார்த்துவிட்டு, "சார்வாள், கையெழுத்துப் போடுத ரெண்டு விரலத் தவிர மத்ததெல்லாம் புதுசா இருக்கு. பிரிக்கவே இல்ல போலுக்கே" என்றார். மேனேஜர் சிரித்த சிரிப்பில் பலகை ஆடியது. மறுவாரம் தன் கிளையில் இருந்த அத்தனை பேரையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். இன்னொரு நாள் ஒரு இன்ஸ்பெக்டர். "படும்வே" என்றார் அண்ணாச்சி. "படுத்துட்டேன்யா" என்றார் அவர். "வயித்து மேலல்லா படுத்திருக்கீரு. பலகைக்கு வந்து சேர இன்னும் ஒரு முழம் கெடக்கே." இன்ஸ்பெக்டரும் சிரித்தார். கூட வந்த கான்ஸ்டபிள்தான் பாவம், சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் அருவிப் பக்கம் ஓடிப்போனார்.

நான் கலெக்டர் ஆபீசில் குமாஸ்தா. நான் பலகையில் குப்புற விழுந்ததுமே, "வாரும்வே ஃபைலு, ஒம்ம ஒரு எடத்துலேர்ந்து நவுத்த எத்தன பேரு கையெழுத்துப் போடணும்" என்பார். சீசன் முழுக்க இந்த அர்ச்சனைக்காகவே பஸ் ஏறிப் போவேன். இதை என் வீட்டில் எத்தனை தடவை சொன்னாலும் புரிந்துகொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

ஆனால் ஒன்று. பலகையில் கிடக்கிற ஆளை மட்டும்தான் திட்டுவார். எழுந்து துண்டைக் கட்டிவிட்டால், "தண்ணி ஜாஸ்தியா விழுது, பாத்து நில்லும் என்ன" என்று குரலே மாறிவிடும். எதிரில் இல்லாதவரைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் வராது.

பலகையில் படுக்காமலே திட்டு வாங்கியவர் ஒருத்தர்தான். பக்கத்துக் கடை பஜ்ஜி பாய்.

"வாழைக்கா பஜ்ஜியில வாழைக்காய எங்கவே" என்று காலையில் இங்கிருந்து ஒரு குரல் போகும். "ஒம்ம கண்ணுல எண்ணெ எறங்கிட்டுவே, ஆஸ்பத்திரிக்குப் போம்" என்று அங்கிருந்து பதில் வரும். முப்பது வருஷமாக இதுதான் அவர்களுக்கு நலம் விசாரிப்பு. பாயின் மனைவியை அண்ணாச்சி, அண்ணி முறை வைத்து 'மைனி' என்றுதான் கூப்பிடுவார். அந்த அம்மா இறந்தபோது துபாயில் இருந்த ஒரே மகனால் வர முடியவில்லை. பாஸ்போர்ட் கம்பெனிக்காரன் கையில். பையன் போனிலேயே அழுதான், இங்கே அடக்கம் நடந்தது. அதற்குப் பிறகு பாயிடம் மகனைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. விவரம் தெரியாமல் ஒருத்தன் பலகையில் படுத்துக்கொண்டு, "பாய்க்குப் பிள்ளைங்க உண்டா" என்று கேட்டான். அண்ணாச்சி கட்டைவிரலால் அவன் தோள்பட்டையில் ஒரு அமுக்கு அமுக்கினார். அவன் தன் பிள்ளைகள் பெயரையே மறந்திருப்பான்.

இப்படி இருக்கையில்தான் லாட்ஜ் மேனேஜர் ஒருத்தர் ஏஐயோடு வந்து சேர்ந்தார். லாட்ஜுக்கு விளம்பரம் வேண்டுமாம். அண்ணாச்சியின் மூஞ்சியையும் சத்தத்தையும் மெஷினுக்குள் போட்டு, தினம் ஒரு நையாண்டி வீடியோ விடப்போகிறாராம்.

"நீங்க சும்மா இருந்தா போதும் அண்ணாச்சி. ஒங்களுக்குப் பதிலா அதுவே பேசும்."

"யாரு முதுகப் பாத்துப் பேசும்?"

"முதுகே வேண்டாம் அண்ணாச்சி."

"முதுகு இல்லாம என்னத்தவே பேசும், கோட்டிக்காரா" என்று, பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அடுத்த ஆளுக்கு எண்ணெயை ஊற்றினார். அதைச் சம்மதம் என்று மேனேஜர் எடுத்துக்கொண்டார்.

வீடியோ தீயாய்ப் பரவியது. அதில் அண்ணாச்சிக்கு முப்பத்திரண்டு பல்லும் இருந்தது. நிஜத்தில் முன்பல் இரண்டு எப்போதோ போய்விட்டது. மதுரையிலிருந்து வந்தவர்கள் படுத்துக்கொண்டு, "அந்த வீடியோல சொன்னதச் சொல்லுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். "அப்ப அவன்கிட்டப் போயித் தேச்சுக்கோ" என்று இவர் எழுப்பி விடுவார். அதையும் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மெஷினுக்குத் தீனி போதவில்லை. ஐந்தருவிக் கடைக்காரர்களைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் மேனேஜர் அதில் அள்ளிக் கொட்டினார். அடுத்த வீடியோவில் அண்ணாச்சி மூஞ்சி இளித்துக்கொண்டு சொன்னது: "பஜ்ஜி பாய் கட பஜ்ஜிக்குப் பயந்துக்கிட்டு, அவரு பெத்த மகனே துபாய்லேர்ந்து ஊருக்கு வரமாட்டேங்கான்."

பஜ்ஜி தின்ன வந்த ஒரு கும்பல், கடை வாசலிலேயே அதைப் போட்டுச் சிரித்தது. பாய் கேட்டார். கரண்டியைக் கீழே வைத்தார். சீசன் கூட்டம் நெரிகிற பகல் வேளையில் அடுப்பை அணைத்தார். பிறகு, அண்ணாச்சி பக்கம் பார்க்கிற இடத்தில் ஒரு சாக்கைக் கட்டித் தொங்கவிட்டார்.

நாங்கள் எல்லாரும் சொல்லிப் பார்த்தோம். அது மெஷின் பாய், இவர் இல்லை என்று. "மூஞ்சி அவன் மூஞ்சி, சத்தம் அவன் சத்தம். பழிய மட்டும் மெஷினு மேல போடுதானோ" என்றார் பாய். அண்ணாச்சி விளக்கம் சொல்லக் கிளம்பிப் போனார். அவர் விளக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், தடுத்தும் பார்த்தேன்.

"செல்போனு சொல்லுதத நம்புதீரே, மூதி, முப்பது வருசமா என்னையப் பாக்கத்தான செய்தீரு" என்று சாக்கைப் பார்த்துக் கத்திவிட்டுத் திரும்பினார். சாக்கு இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது.

அன்றிலிருந்து அண்ணாச்சியின் வசவில் உப்பு இல்லை. திட்டு இருந்தது, சிரிப்பு வரவில்லை. தேய்த்துக்கொண்டே சாக்கைப் பார்ப்பார். முப்பது வருஷச் சிநேகிதம் இப்படியா அறுந்து போகும். அந்த மேனேஜரை நாலு அறை விடலாமா என்றுகூட யோசித்தேன்.

மேனேஜருக்கும் உறுத்தியிருக்க வேண்டும், அல்லது உதைக்குப் பயந்திருக்க வேண்டும். ஒரு காரியம் செய்தார். மெஷினை விட்டே ஒரு மன்னிப்பு வீடியோ தயார் செய்து, என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு பாய் கடைக்குப் போனார். பின்னணியில் வீணை. அண்ணாச்சி கைகூப்பி நிற்கிறார், கண்ணில் நீர். "அன்பு நண்பர் பாய் அவர்களே, என் சொற்கள் தங்கள் உள்ளத்தைப் புண்படுத்தியிருந்தால் அடியேனைப் பொறுத்தருள வேண்டுகிறேன்."

பாய் ஒரு தடவை பார்த்தார். "திருப்பிப் போடும்" என்றார். மறுபடி பார்த்தார்.

"யாருவே இது?"

"அண்ணாச்சிதான் பாய், மன்னிப்புக் கேக்குறாரு."

"அவனா? மன்னிப்பா? சுடச்சுட எண்ணெய என் கால்ல கவுத்திட்டு, கால எதுக்குவே இங்கன வச்சீருன்னு என்னையத் திட்டுனவன் அவன். மகள் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை குடுக்க மறந்துட்டு, கூப்புடாம வாரதுக்கு என்னவேன்னு சண்டைக்கு வந்தவன். அவனாவது மன்னிப்புக் கேக்கவாவது. செத்தாலும் கேக்க மாட்டான்." பாய் மேனேஜரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப முந்தி பேசினதும் போனுல நிக்க இந்தப் பயதானா?"

மேனேஜர் தலையை ஆட்டினார். மெஷின் செய்த ஒரே நல்ல காரியம் அந்த மன்னிப்புதான்.

பாய் சாக்கை அவிழ்த்தார். நேரே நடந்துபோய், சட்டையைக் கழற்றி, இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடப் படுக்காத அந்தப் பலகையில் குப்புறப் படுத்தார். சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். முப்பது வருஷத்துக்கும் சேர்த்து இன்றைக்கு ஒரு வெடி வெடிக்கப் போகிறது என்று நானும்தான் காத்திருந்தேன்.

அண்ணாச்சி எண்ணெயை ஊற்றினார். தேய்த்தார். பேசவே இல்லை.

"என்னவே, ஒண்ணும் சொல்ல மாட்டீரா? பயமால்லா இருக்கு" என்றார் பாய்.

"என்னத்தச் சொல்ல. முதுகு பூரா எலும்பாக் கெடக்கு. மைனி போன பெறகு நீரு ஒழுங்காச் சாப்புடுதீரா இல்லையாவே?"

பாய் பலகையில் முகத்தை இன்னும் அழுத்திக்கொண்டார். செல்போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. அண்ணாச்சி தேய்த்துக்கொண்டே இருந்தார், யாருக்கும் தேய்க்காத அளவுக்கு. அடுத்த ஆள் நான்தான். ஆபீசுக்கு வேறு நேரமாகிவிட்டது. இருந்தும் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன், அந்த ரெண்டு கோட்டிக்காரர்களையும் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.