அரைப்பேர் கங்காணி பைக் பார்த்த கதை

இந்தத் தீவில் வண்டியே இல்லாமல் பெட்ரோல் வரிசையில் நின்ற ஒரே மனிதர் எங்கள் அரைப்பேர் கங்காணிதான். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். நாடே பெட்ரோலுக்கு அழுத அந்த வருஷம், எஹலியகொட பெட்ரோல் செட்டில் ஆரம்பித்த வரிசை கடைத்தெருவைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, ரப்பர் மரங்களுக்குள் வாலை நீட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தது. நாங்கள் வெயிலில் வெந்தோம், மழையில் ஊறினோம். அவர் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாமி ஊர்வலம் பார்க்க வந்தவர்போல மேலும் கீழும் நடந்தார்.

"என்னண்ணே, உங்களுக்குத்தான் வண்டியே இல்லையே?"

"வாங்கத்தான் தம்பி வந்திருக்கேன். இத்தனை வண்டியும் ஒரே எடத்துல, ஓடிப்போக வழியில்லாம, வேற எப்ப நிக்கும்? பெரட்டு மாதிரி நிக்குது பாருங்க. ஒவ்வொண்ணா பாத்துறலாம்."

பெரட்டு என்பது தோட்டத்தில் விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கும் சடங்கு. அவர் ரப்பர் தோட்டத்துக் கங்காணி. பால் வெட்டுகிறவர்கள் கொண்டுவரும் பாலின் நிறை சரியாக இருந்தால் அன்றைக்கு முழுப்பேர், முழுச் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். இது உலகம் முழுவதற்கும் பொருந்தும் என்று அவர் எப்படியோ முடிவு செய்துவிட்டார். கல்யாண வீட்டுப் பாயாசத்துக்கு அரைப்பேர். மாரியம்மன் திருவிழாவுக்கு, "சாமி சரிதான், மேளம் பத்தலை, அரைப்பேர்." ஒரு போயா தினத்தில் மலைக்கு மேலே முழுநிலா வந்து, ரப்பர் இலையெல்லாம் வெள்ளி பூசிக்கொண்டு நின்றபோது, நான் மெய்மறந்து, "எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டுத் தொலைத்தேன். அண்ணாந்து பார்த்தார். "ஓரத்துல மேகம் மறைக்குது. அரைப்பேர்."

சொந்தப் பெண்டாட்டிக்கும் போட்டார். பூரணம் அக்கா அதே தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். ஆளும் புருஷனைவிட ஒரு தலை உயரம். இரண்டு கையிலும் நிறைந்த பால்வாளியோடு சரிவில் இறங்கினால் வாளி அசையாது, மலைதான் அசையும். ஒருநாள் நிறை கொஞ்சம் குறைந்தது. கங்காணி கண்ணைச் சிமிட்டாமல், "அரைப்பேர்" என்றார். அன்று மத்தியானம் அவருடைய தட்டில் பாதிச் சோறு, பாதிக் கத்தரிக்காய், பாதி அப்பளம். அதையே வழித்துச் சாப்பிட்டு எழுந்தாராம். நியாயம் நியாயம்தானே.

இப்படிப்பட்டவருக்குப் பைக் எதற்கு? அதற்கும் அக்காதான் காரணம்.

அக்காவுக்கு மூடின வண்டி எதுவும் ஆகாது. பஸ் புறப்படும் முன்பே, அந்த டீசல் வாசனை மூக்கில் ஏறினாலே, குடலைப் பிடுங்கிக்கொண்டு வரும். திரீவீலும் அப்படித்தான், ரயிலும் அப்படித்தான். ஒரே தங்கச்சி கல்யாணமாகிக் கிளிநொச்சிக்குப் போய்விட்டாள். போனில் பேசும்போதெல்லாம், "ஏக்கா, ஒரு தடவைகூட என் வீட்டுத் தண்ணி குடிக்கலையே" என்று அழுவாள். அக்கா ஒரு தடவை பஸ் ஏறினார். அவிசாவளை வருவதற்குள் கண்டக்டர் அத்தனை பேர் முன்னாலும் கத்தி, பாதி வழியில் இறக்கிவிட்டான். அன்று அக்கா நடந்தே வீடு வந்தார். அதற்குப் பிறகு சக்கரம் உள்ள எதிலும் ஏறவில்லை.

"காத்து மூஞ்சில அடிச்சா அவளுக்கு ஒண்ணும் செய்யாது தம்பி. பைக்குதான் மருந்து. தூரப் பயணத்துக்குன்னே செஞ்ச பைக்கா இருக்கணும்" என்றார் கங்காணி. அப்படித்தான் தொடங்கியது அந்தப் பெரும் தேடல்.

உலகத்தில் எல்லோரும் பைக் பார்க்கப் போனால் முன்சீட்டில் உட்கார்ந்து பார்ப்பார்கள். இவர் பின்சீட்டில் உட்கார்ந்தார். அதுவும் சேலை கட்டினவர்கள் உட்காருவதுபோல ஒருக்களித்து. முறுக்கின மீசை, வரிந்து கட்டின சாரம், மடியில் கைப்பைக்குப் பதிலாக மடித்த துண்டு, வலது கையில் ஒரு எலுமிச்சம்பழம். இடது கை என் பெல்ட்டில். ஆமாம், ஓட்டுவதற்கு நான்தான். வண்டிக்காரர்கள் அவரிடம் வண்டியைத் தர மாட்டார்கள். என் முகத்தில் ஏதோ கடன் வாங்கத் தெரியாத களை இருந்திருக்க வேண்டும்.

"ம், விடுங்க. பள்ளத்தைப் பாத்து ஒதுங்காதீங்க தம்பி, உள்ளயே விடுங்க."

கண்ணை மூடிக்கொள்வார். வளைவெல்லாம் முடிந்து வண்டி நின்றதும் எலுமிச்சம்பழத்தை ஒருதரம் முகர்ந்து, உள்ளே ஏதாவது கிளம்புகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார்.

"ஒண்ணும் வரலை" என்பார் துக்கத்தோடு.

"வரலைன்னா நல்ல வண்டிதானேண்ணே?"

"எனக்கு எந்த வண்டியிலயும் வர மாட்டேங்குதே! அப்ப எது நல்ல வண்டின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

நியாயமான கவலை. அவர் வயிறு தோட்டத்து ரோடுபோல, எதையும் தாங்கும். அதனால் சோதனையைக் கடினமாக்கினார். பைக் பார்க்கப் புறப்படும் முன் ஒரு மலைச் சோறு, கருவாட்டுக் குழம்பு, அதன் மேல் வாழைப்பழம், அதன் மேல் பால் டீ. அப்படியும் வரவில்லை. பின்னால் கருவாடு மணக்க மணக்க, முன்னால் உட்கார்ந்து ஓட்டிய எனக்குத்தான் இரண்டு தடவை வந்தது.

"பேசாம அக்காவையே கூட்டிட்டு வந்து ஏத்திப் பாத்தா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

நின்று என்னைப் பார்த்தார். "அவளை வச்சு சோதிக்கச் சொல்றீங்களா?" அவ்வளவுதான் சொன்னார். நான் அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கொழும்பிலிருந்து வந்த ஒருவர், பக்கத்துக்கு ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரும்புப் பெட்டி பூட்டிய பெரிய பைக்கை டீக்கடையில் நிறுத்தியிருந்தார். அந்த வண்டியின் விலைக்கு, நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கிற எங்கள் லயத்தையே வாங்கலாம். கங்காணி அனுமதி கேட்காமல் பின்சீட்டில் ஏறி ஒருக்களித்து உட்கார்ந்தார். டீக்கோப்பையோடு ஓடிவந்தார் அந்த மனிதர்.

"ஐயே, மொகத மே கரன்னே?"

என்ன செய்கிறீர்கள் என்று அவர் சிங்களத்தில் கேட்க, நம்மவர் சிங்களத்திலேயே நிதானமாக விளக்கினார். பெட்டி காலை இடிக்கிறது. பொம்பளைகள் சேலையோடு எங்கே காலை வைப்பார்கள்? இது பைக் அல்ல, அலமாரி. கடைசியில் தீர்ப்பு மட்டும் தமிழில், "அரைப்பேர்." அதைப் பாராட்டு என்று நினைத்து அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

குருவிட்டவில் ஒரு இரத்தினக்கல் முதலாளி. கல் தோண்டுகிற இடத்துக்குச் சேற்றில் போய்வர வைத்திருந்த உயரமான ட்ரெயில் பைக்கை விற்கப் போவதாகச் சொன்னார்கள். கங்காணி டார்ச் அடித்துச் சீட்டைப் பார்த்தார், ஸ்பிரிங்கைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"நான் கல்லு வாங்கக்குள்ளயும் இவ்வளவு நேரம் பாக்கிறதில்ல கங்காணி" என்றார் முதலாளி.

பின்சீட்டு அருமை. வளைவு அருமை. ஒரே ஒரு சங்கடம். அக்காவை ஏற்றிக்கொண்டு ஓட்டப் போகிறவர் என்ற முறையில் முன்சீட்டிலும் ஏறிப் பார்த்தார். இரண்டு காலும் கொடியில் காயப்போட்ட சாரம்போல அந்தரத்தில் தொங்கின. நானும் முதலாளியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினோம்.

"அரைப்பேர்" என்றார். அன்றைக்குக் குரலில் வழக்கமான அதிகாரம் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அக்கா வாசலில் பால்வாளி கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததை நான் சொன்னேன், தொங்கிய கால்கள் உட்பட. அக்கா சிரிக்கவில்லை. வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"என்னாங்க, ஒண்ணு கேக்குறேன். பஸ்ஸுல இருக்குற அத்தனை பேரும் வாந்தி எடுத்தாலும், டிரைவர் எடுத்து எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

கங்காணி கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை மடியில் செருகினார்.

"அந்த ஒசரமான வண்டி உங்களுக்குத்தானே எட்டலை? எனக்கு எட்டும்."

அன்றுதான் முதல் தடவையாக அந்த மனிதர் ஒரு பேச்சுக்கு அரைப்பேரும் போடாமல், முழுப்பேரும் போடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். எனக்குப் புரிந்தது. மறுநாள் காலை பெரட்டில் அந்த ஆட்கள் முன்னால்தான் அவர் போய் நிற்க வேண்டும். பெண்டாட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து போகிற கங்காணி போடுகிற அரைப்பேருக்கு அதற்குப் பிறகு யார் பயப்படுவார்கள்?

இருந்தாலும் குருவிட்ட முதலாளியின் அந்த உயரமான வண்டி வந்தது. பின்னேரங்களில் பெரட்டுக்களத்தில் அக்கா பழகினார். முதல் நாளே வண்டியோடு விழுந்தார். நான் ஓடுவதற்குள் எழுந்து, நிறைந்த வாளியைத் தூக்குவதுபோல வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டார். லயமே வேலியில் வந்து தொற்றிக்கொண்டு நின்றது.

"கங்காணி, நாளையிலருந்து நீங்க பால் வெட்ட வாறீங்களா? வாளி ஒண்ணு மிச்சமா கெடக்கு!"

"சீலை எடுத்துத் தரவா கங்காணி? பச்சையா, மஞ்சளா?"

சில நாட்கள் அவர் அந்தப் பக்கமே வரவில்லை. பால் ஸ்டோர் பக்கம் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். பிறகு ஒரு பின்னேரம் நேராகக் களத்துக்கு நடந்து வந்தார். துண்டை உதறி மடித்தார். அத்தனை பேரும் பார்க்க, அக்காவுக்குப் பின்னால் ஏறி, ஒருக்களித்து உட்கார்ந்தார். சிரிப்பு பெரிய மழைபோல வந்தது. அது ஓயும்வரை மீசையைத் தடவிக்கொண்டு காத்திருந்துவிட்டு, "ம், விடு" என்றார்.

"ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காருங்கண்ணே, விழுந்துருவீங்க" என்றேன்.

"இப்படியே பழகிப்போச்சு தம்பி. இனிமே மாத்த முடியாது."

இரத்தினபுரியில் லைசன்ஸுக்கு ட்ரையல் பார்த்த அதிகாரியும் குழம்பிப்போனார். "கவுத எலவன்னே? மஹத்தயாத?" ஓட்டுவது ஐயாவா என்று கேட்டார். "நே சேர், நோனா", இல்லை, அம்மாதான் என்று சொல்லிவிட்டு, கங்காணி ஒரு அடி பின்னால் போய்க் கைகட்டி நின்றார். அக்கா ஒரே தடவையில் பாஸ்.

ரப்பர் இலைகள் சிவந்து, காய்ந்து, காலடியில் நொறுங்குகிற மாசி மாதம். மரத்துக்கு ஓய்வு, பால்வெட்டு இல்லை. ஒரு விடியலில் இருவரும் புறப்பட்டார்கள். அவிசாவளைக்கு முன்னால், கண்டக்டர் இறக்கிவிட்ட இடத்தை அக்கா திரும்பிப் பார்க்காமல் தாண்டினாராம். ருவன்வெல்லை வளைவுகளில் வண்டி பாம்புபோல நெளிந்து ஏறியதாம். கேகாலை வருவதற்கு முன்னால், பின்னாலிருந்து ஒரு கை அக்காவின் தோளைத் தட்டியது.

ஆமாம். கருவாட்டுக் குழம்புக்கும் பால் டீக்கும் அசையாத அந்த வயிறு, காலையில் குடித்த வெறும் தேத்தண்ணியை ரோட்டோரத்தில் ஒப்படைத்தது. என் முதுகுக்குப் பின்னால் வராதது, அக்கா முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டது. அக்கா இறங்கி வந்து அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அவர் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி, அவர் மூக்கிலேயே வைத்தார்.

"எல்லாம் வந்துருச்சா?"

"ம்."

"அரைப்பேர். ஏறுங்க."

குருநாகல், தம்புள்ளை, வவுனியா. மலையே இல்லாத நேர்ரோட்டை அக்கா அன்றுதான் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தார். கிளிநொச்சியில் வேலிப்படலைத் திறந்துகொண்டு தங்கச்சி ஓடிவந்தாள். ஹெல்மெட் போட்டு, நெடுநெடு என்று வண்டியில் உட்கார்ந்திருந்த ஆளை அவள் பார்க்கவே இல்லை. யாரோ ஓட்டி வந்தவர் என்று விட்டுவிட்டாள். பின்னால் முகமெல்லாம் பச்சை பூத்து ஒருக்களித்து உட்கார்ந்திருந்த மச்சானைத்தான் அடையாளம் தெரிந்தது. அவள் முகம் வாடிப்போயிற்று.

"நீங்க மட்டும்தான் வந்தீங்களா மச்சான்? அக்கா வரலையா?"

பேச வாயைத் திறந்தால் மறுபடி வந்துவிடும் என்ற பயத்தில், கங்காணி விரலை நீட்டி முன்சீட்டைக் காட்டினார்.

இந்தக் கதையை இருவரிடமும் தனித்தனியாகப் பலமுறை கேட்டிருக்கிறேன். கங்காணி சொல்லும்போது கேகாலை வாந்தி விடுபட்டுப்போகும். அக்கா சொல்லும்போது, ஹெல்மெட்டைக் கழற்றக்கூட முடியாமல் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு தான் அழுதது விடுபட்டுப்போகும். அதைக் கங்காணிதான் சொல்வார். ஆளுக்கு அரைப்பேர்தான் போட முடியும். இரண்டையும் கூட்டி, யாருக்கும் தெரியாமல், ஒரு முழுப்பேராக நான் எழுதி வைத்துக்கொள்கிறேன்.