ஒன்பதாம் அட்டவணையில் ஒரு பல் செட்

நூற்று நாற்பத்தொன்பது பக்கத் திட்டத்தில் நூற்று நாற்பத்தெட்டு பக்கங்கள் ஒழுங்காகத்தான் இருந்தன. அறுபத்தோராம் பக்கம் மட்டும் லியாவின் உயிரை வாங்கியது.

அந்தப் பக்கத்தில் ஒன்பதாம் அட்டவணை. தரைத்தளத்தில் பல் செட் சரிபார்க்கும் அறைக்கு யார் யார் எத்தனை தடவை வந்தார்கள் என்ற கணக்கு. மாணவர்கள் பழகுவதற்கான அறை அது. வயதானவர்கள் வருவார்கள், செட் உறுத்துகிறது என்பார்கள், பிள்ளைகள் தேய்த்துக் கொடுப்பார்கள். ஆளுக்கு இரண்டு தடவை, மிஞ்சிப்போனால் மூன்று. ஆனால் ஹோங் என்கிற எழுபத்தெட்டு வயதுக்காரர் செப்டம்பரிலிருந்து மே வரைக்கும் முப்பத்தொரு தடவை வந்திருந்தார். ஒரே ஒரு கீழ்ப்பல் செட்டுக்காக.

ஜியாயி நகரத்துப் பல் மருத்துவக் கல்லூரியில் திட்டப் பிரிவின் தலைவர் லியாவ். அந்தப் பிரிவில் அவரையும் ஓர் அச்சு இயந்திரத்தையும் தவிர வேறு யாரும் கிடையாது. அந்த ஊர் அலுவலகங்களின் வழக்கப்படி அந்த இயந்திரத்தின் தலையில் பச்சை நிறத் தின்பண்டப் பொட்டலம் ஒன்று வைத்திருந்தார். பச்சைப் பொட்டலம் இருந்தால் இயந்திரம் சொன்னபடி கேட்கும். அதோடு தினமும் காலையில் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் நிலக் காவல் தெய்வத்துக்கு மூன்று ஊதுபத்தி. பத்தாண்டுத் திட்டம் நிறைவேற வேண்டும் என்று அவர் கேட்டதில்லை. அவ்வளவு பேராசை அவருக்கு இல்லை. இந்த நான்காவது வரைவாவது திரும்பி வராமல் இருந்தால் போதும்.

அது செவ்வாய்க்கிழமையே திரும்பி வந்தது. டீன் பெங் மேடம் அறுபத்தோராம் பக்கத்தை மடித்து அனுப்பியிருந்தார். திங்கட்கிழமை வெளியிலிருந்து மதிப்பீட்டுக் குழு வருகிறது.

"ஒரு பல் செட்டை முப்பத்தொரு தடவை சரி பண்ணியும் சரியாகலைன்னா, இந்தப் பசங்களுக்கு யாருய்யா சொல்லிக்கொடுத்ததுன்னு கேப்பாங்க. எழுந்து நின்னு நான்தான்னு சொல்லவா, லியாவ்?" என்றார் டீன்.

லியாவுக்கு வம்பு பிடிக்காது. அறைக்குத் திரும்பி ஹோங் தாத்தாவின் வரியை நீக்கினார். நீக்கியதும் அந்த அறையின் பெயர் தானாகவே சிவப்பு நிறத்துக்கு மாறியது.

அது அவரே எழுதிய விதி. வருடத்துக்கு நானூறு வருகைக்குக் குறைந்த அறைகள் மூடப்படும் என்று பன்னிரண்டாம் பக்கத்தில் அழகாக எழுதியிருந்தார். ஹோங் தாத்தாவோடு சேர்த்தால் நானூற்றுப் பன்னிரண்டு. அவர் இல்லாவிட்டால் முந்நூற்று எண்பத்தொன்று. அடுத்த வரைபடத்தில் பல் செட் அறை காணாமல் போய், அந்த இடத்தில் ஒரு காப்பிக் கடை முளைத்திருந்தது.

கல்லூரியில் செய்தி மின்தூக்கியை விட வேகமாகப் போகும். அரை மணி நேரத்தில் தரைத்தளத்திலிருந்து யூமெய் அக்கா மேலே வந்தாள். பதினாறு வருடமாக அந்த அறையின் வரவேற்பு மேஜையில் இருப்பவள். லியாவை விட நாலு வயது மூத்தவள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று லியாவ் நாற்காலியில் சற்றுப் பின்னால் சாய்ந்தார். அவளோ ஒரு தட்டில் பிளம் பொடி தூவிய கொய்யாத் துண்டுகளை வைத்தாள்.

"மூடுறதுன்னா ஒரு வாரம் முன்னாடி சொல்லிடுங்க சார். அந்த ஆறு நாற்காலிய எங்கேயாவது நல்ல இடமாப் பாத்துக் குடுக்கணும்."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் லியாவ் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். தட்டைத் தொடாமலே ஓரமாக நகர்த்தி வைத்தார்.

புதன்கிழமை காலை நான்காவது ஊதுபத்தியும் ஏற்றிவிட்டு வந்து, நீக்கிய வரியைத் திரும்பச் சேர்த்தார். சும்மா சேர்த்தால் டீன் விடமாட்டார் என்பதால் அதற்கு ஒரு பட்டமும் கொடுத்தார்: 'நீடித்த துணைச் சிகிச்சை: ஒரு முன்மாதிரி'. அதற்கு ஆதாரம் தேட ஹோங் தாத்தாவின் கோப்பை எடுத்துப் பார்த்தார். முப்பத்தொரு பதிவுகளிலும் வேறு வேறு கையெழுத்தில் ஒரே வாக்கியம்: 'கீழ்ப்பல் செட் லேசாக இறுக்குகிறது. சரிசெய்யப்பட்டது.' எல்லாமே வியாழக்கிழமை. ஒன்றரை மணிக்கு வருகை, ஐந்தரைக்குப் புறப்பாடு. குளிர்கால விடுமுறையில் ஒன்றுகூட இல்லை. விடுமுறை எடுத்துக்கொள்ளும் பல் செட்டை லியாவ் அதுவரை கேள்விப்பட்டதில்லை. மதிப்பீட்டுக் குழு கண்டுபிடித்துவிடுமே என்று, 'பண்டிகைக் காலத்தில் நோயாளி மென்மையான உணவு உட்கொண்டார்' என அடிக்குறிப்பு ஒன்றையும் எழுதிவைத்தார். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீனுக்குப் பட்டம் பிடித்துப்போயிற்று. தேவைக்கு மேலேயே பிடித்துப்போயிற்று. துணைச் சிகிச்சை ஐந்தாம் அத்தியாயமாக வளர்ந்தது. மத்தியானத்துக்குள் முன்னுரையில் ஏறியது. மாலையில் டீனே தொலைபேசியில் கூப்பிட்டு, அட்டையில் அந்தத் தாத்தாவின் படம்தான் வர வேண்டும் என்றார். பல் செட் தெரிய வாய் நிறையச் சிரிக்கிற படம். புகைப்படக்காரர் வியாழன் மூன்று மணிக்கு வந்துவிடுவார்.

வியாழக்கிழமை ஒன்றரை மணிக்கே லியாவ் தரைத்தளத்துக்குப் போய்விட்டார். மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்த பச்சை நாற்காலியில் ஹோங் தாத்தா உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தண்ணீர் தொட்டு வாரிய தலை, மடியில் ஒரு சின்ன டப்பா. பத்திரிகை படிக்கவில்லை. சுவரில் ஓடிய தொலைக்காட்சியையும் பார்க்கவில்லை. கல்யாண வீட்டுக்குச் சீக்கிரம் வந்துவிட்டவர் மாதிரி நேராக உட்கார்ந்திருந்தார்.

படம் எடுப்பதைப் பற்றி லியாவ் சொன்னதும் அவர் மறுத்துவிட்டார்.

"என் மூஞ்சி எதுக்குங்க? நல்லா இருக்கறவங்க யாரையாவது எடுங்க."

"உங்க படம் வந்தா இந்த அறைய மூட மாட்டாங்க, தாத்தா."

தாத்தாவின் விரல்கள் டப்பாவை இறுக்கின. "இந்த அறைய மூடப்போறாங்களா?"

லியாவ் தலையாட்டினார். தாத்தா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "எடுங்க," என்றார்.

மூன்று மணிக்கு டீனும் புகைப்படக்காரரும் வந்தார்கள். தாத்தா உதட்டை மூடிக்கொண்டு சிரித்தார். இன்னும் கொஞ்சம் என்றார் புகைப்படக்காரர். தாத்தா புருவத்தை உயர்த்திச் சிரித்தார். உதடு திறக்கவில்லை. பல் செட் போட்டவர்களுக்குக் கூச்சம் இருக்கும் என்று டீன் பரிவோடு சொன்னார். தானே குனிந்து, சின்னக் குழந்தைக்குச் சொல்வது போல, "ஆ சொல்லுங்க பாப்போம்," என்றார்.

தாத்தா லியாவைப் பார்த்தார். அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு ஆ என்றார்.

டீன் முப்பது வருடமாகப் பல் பார்ப்பவர். கோபம் வருவதற்கு முன்னால் அவர் கண் எண்ணி முடித்துவிட்டது.

"இருபத்தேழு. எல்லாம் சொந்தப் பல்லு. ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க," என்றார். அதற்குப் பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. புகைப்படக்காரர் அமுக்கிய பொத்தானில் டீன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் படம்தான் விழுந்தது.

யாரும் கேட்காமலே தாத்தா டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே ஈரத்துணியில் ஒரு கீழ்ப்பல் செட். கைக்கு அடக்கமாக, சிறியதாக இருந்தது.

"என் வீட்டுக்காரியோடது."

"அவங்களையே கூட்டிட்டு வந்திருக்கலாமே. புதுசாவே செஞ்சு தந்திருப்போம்," என்றார் டீன்.

"அவ போய் ரெண்டு வருஷம் ஆகுதுங்க."

மேஜையருகே பல் செட் துலக்கும் தூரிகையோடு நின்ற மாணவன் அதைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தான். டீன் கல்நெஞ்சுக்காரர் அல்ல. தாத்தாவுக்குத் தலை தாழ்த்தி வணங்கினார். ஆனால் லியாவை நடைபாதைக்கு அழைத்துக்கொண்டு போனதும் குரல் மாறியது. இறந்துபோனவரின் பல் செட்டுக்கு முப்பத்தொரு சிகிச்சை என்று எழுதிய கல்லூரியைக் குழு என்ன சொல்லும் என்று கேட்டார். லியாவின் பண்டிகை அடிக்குறிப்பை வாய்விட்டுப் படித்தார். அது லியாவுக்கு அடியைவிட வலித்தது.

"துக்கம் புரியுது. துக்கத்துக்கு ஆறுதல் சொல்ல பின் கட்டடத்துல தனி இடமே இருக்கு. இங்க எதுக்கு வரணும்? அதுவும் வியாழக்கிழமையா பாத்து? நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்குள்ள நம்புற மாதிரி ஒரு காரணம் கொண்டு வாங்க, அறை இருக்கட்டும். இல்லன்னா சிவப்பு சிவப்புதான்."

தாத்தாவுக்குக் காது நன்றாகவே கேட்டது. லியாவ் திரும்பி வந்தபோது டப்பாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார்.

"பசங்களைத் திட்டாதீங்க. என் மனசு நோகக்கூடாதுன்னுதான் அப்படி எழுதினாங்க," என்று சொல்லிவிட்டு வாசல் வரைக்கும் நடந்தார். வாசலில் நின்றார். மாடிப்படியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். வெளியே காலை வைக்கவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. கடிகாரத்தில் மணி நான்குகூட ஆகவில்லை.

லியாவுக்கு எதுவும் புரியவில்லை. காரணம் தேட வேண்டிய நேரம் அது. நூற்று நாற்பத்தொன்பது பக்கமும் அவர் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தன. ஆனாலும் அப்படி ஒருவரை வாசலில் நிற்கவைத்துவிட்டுப் படியேற அவருக்கு மனம் வரவில்லை. ஃபிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றி ஒரு கோப்பைத் தேநீர் போட்டார்.

"தேநீர் ஆறிடும் தாத்தா. குடிச்சுட்டு, எப்பவும் போற நேரத்துக்கே போங்க."

தாத்தா வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். லியாவ் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற வான்கோழிச் சோற்றுக் கடையில் இப்போதெல்லாம் வெங்காயத்தைச் சரியாகப் பொரிப்பதில்லை என்றார் தாத்தா. லியாவ் ஆமாம் என்றார். தன் மனைவிக்கு அந்தக் கடைதான் பிடிக்கும், புதுச் செட் போட்ட அன்றைக்கு முதன்முதலில் அங்கேதான் சாப்பிட்டாள் என்றார் தாத்தா. பிறகு கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி தேநீரை மெல்லக் குடித்தார். திட்டப் பிரிவுக்கு வந்து பத்தொன்பது வருடத்தில், வேலை நேரத்தில் லியாவ் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தது அன்றுதான்.

ஐந்தரைக்கு மாடியிலிருந்து மாணவர்கள் இறங்கினார்கள். வெள்ளை மேலங்கிகளில், வியாழக்கிழமை மின்தூக்கியில் எப்போதும் அடிக்கும் அந்தக் கடுமையான மருந்து வாசனை. தாத்தா எழுந்து நின்றார். பிள்ளைகளும் கடைசிப் படியில் நின்று ஒவ்வொருவராக அவருக்குக் குனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இவ்வளவு மரியாதையா என்று லியாவ் ஆச்சரியப்பட்டார். கடைசியாக வந்த பெண் பிள்ளை மட்டும் அருகில் வந்தாள்.

"இன்னைக்கு முடிஞ்சுது தாத்தா. பத்திரமாப் போயிட்டு வாங்க."

தாத்தா சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

யூமெய் அக்கா நாற்காலிகளைத் துடைக்க ஆரம்பித்திருந்தாள். லியாவ் ஒன்பதாம் அட்டவணையை விரித்து அவளுக்கு முன்னால் வைத்தார். 'காரணம்' என்ற கட்டம் காலியாக இருந்தது.

"அக்கா, நான் தப்புத் தப்பா எழுதிட்டேன். பொய்யாவும் எழுதிட்டேன். இனிமே எழுத மாட்டேன். உங்களுக்குத் தெரியும்னு நினைக்கறேன். அந்தத் தாத்தா இங்க எதுக்கு வர்றாரு?"

அவள் துடைப்பதை நிறுத்தினாள்.

"இத்தனை நாள் எல்லாரும் எத்தனை தடவைன்னுதான் சார் கேட்டீங்க. எதுக்குன்னு நீங்கதான் முதல்ல கேக்கறீங்க," என்றாள். மாடிப்படிக்குப் பக்கத்து நாற்காலியின் கையை மெல்லத் தடவிக்கொடுத்தாள். "இந்த நாற்காலி எந்த வருஷமும் காலியா இருந்ததில்ல. போன வருஷம் ஒரு நூடுல்ஸ் கடைக்காரர் உக்காந்திருந்தாரு, அவங்கம்மாவுக்காக."

"அம்மாவுக்கும் பல் செட்டா?"

"பல் செட் ஒரு சாக்கு சார். ஹோங் தாத்தாவோட வீட்டம்மா, நம்ம பசங்க படிக்கட்டும்னு தன் உடம்பையே எழுதி வச்சுட்டுப் போனவங்க. வியாழக்கிழமை மத்தியானம் மேலே மூணாவது மாடியில அவங்க உடம்பை வச்சுத்தான் வகுப்பு, அது முடியற வரைக்கும் அவரு கீழே துணைக்கு உக்காந்திருக்காரு."